திங்கட்கிழமைக் கப்பல்

பாட்டுப் பிடிக்கவில்லை என்றால் சபாவிலிருந்து எழுந்து வெளியே போய்விடலாம். தனி ஆவர்த்தனம் ஆரம்பமானதும் மெல்லக் கான்டீன் பக்கம் ஒதுங்கி, ஒரு காபி சாப்பிட்டுவிட்டு, மங்களத்துக்குச் சரியாகத் திரும்பி வந்து உட்காருகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆனால் அப்படி எழுந்து போக முடியாத சபா ஒன்று உலகத்தில் உண்டு. அதுதான் கப்பல்! சுற்றிலும் தண்ணீர். எங்கே போவது?

ஆனால் கப்பலில் கச்சேரி கேட்கப் போகிறவர்கள் யாரும் எழுந்து போக விரும்புவதில்லை. சொல்லப் போனால், கச்சேரிக்காகவே கப்பல் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2001-ம் வருஷத்திலிருந்து 'ஜாஸ் க்ரூஸ்' என்று ஓர் உல்லாசப் பிரயாணம் நடந்து வருகிறது. ஒரு பெரிய கப்பலை முழுசாக வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். அதில் வேறு பிரயாணிகள் கிடையாது. ஏறுகிறவர்கள் எல்லோரும் ரசிகர்கள். அவர்களோடு கூட ஏறுகிறவர்கள் எல்லோரும் வித்வான்கள். ஒரு வாரம் வரையில் கடலிலேயே வாசம். மேல் தளத்தில் ஒரு கச்சேரி, கீழ்த் தளத்தில் ஒரு கச்சேரி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய அரங்கில் இன்னொன்று. காலையில் பலகாரத்துக்கு வரிசையில் நின்றால், முதல் நாள் ராத்திரி நம்மை மெய்ம்மறக்கச் செய்த வித்வான் பக்கத்தில் தட்டோடு நின்றுகொண்டிருப்பார்!

கணவன் மனைவியாக, சிநேகிதக் கூட்டமாக, ஒரே ஊர்க்காரர்களாகப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வருஷா வருஷம் இப்படிப் போய் வருகிறவர்கள் உண்டு. நம்மவர்கள் மார்கழிக்குச் சென்னைக்குக் கிளம்புகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வித்வானும் ரசிகரும் ஒரே பந்தியில் சாப்பிடுவது ஒரு பெரிய விஷயமா என்று கேட்கத் தோன்றும். பெரிய விஷயம்தான். இந்தக் கப்பல் கச்சேரி வழக்கம் வேர்விட்ட இடத்துக்குப் போய்ப் பார்த்தால் அது ஏன் என்று தெரியும். அந்த இடம் கடல் அல்ல, ஒரு நதி.

மகா நதி

மிஸிஸிப்பி என்ற பெயரைப் பள்ளிக்கூடத்துப் பூகோளப் பாடத்தில் எல்லோரும் நெட்டுருப் போட்டிருப்போம். வடக்கே மினஸோட்டா மாகாணத்தில் ஒரு சிறிய ஏரியில் ஓடை போலப் புறப்பட்டு, தெற்கே நியூ ஆர்லியன்ஸ் நகரத்தையும் தாண்டி, மெக்ஸிகோ வளைகுடாவில் கலக்கிறது. நீளம் சுமார் 3,700 கிலோ மீட்டர். நம் காவிரியைப் போல நாலு மடங்குக்கும் மேல்.

ரயில் வருவதற்கு முன்னால் அந்த நாட்டின் நடுப்பகுதிக்கு ராஜபாட்டை இந்த நதிதான். பருத்தி மூட்டையும் மர வியாபாரியும் கல்யாணப் பெண்ணும் நீராவிப் படகில்தான் ஊர் விட்டு ஊர் போனார்கள். 'டாம் ஸாயர்' கதை எழுதிய மார்க் ட்வெயின், எழுத்தாளர் ஆவதற்கு முன்பு இந்த நதியில் படகு ஓட்டிப் பிழைத்தவர். அவருடைய புனைபெயரே படகுக்காரர்களின் பாஷை. ஆழம் பார்க்கிறவன், 'இரண்டு பாகம் தண்ணீர் இருக்கிறது, பயமில்லை' என்று கூவும் கூவல்தான் அது.

ரயில் வந்தது, மூட்டைகள் ரயிலேறிவிட்டன. படகுச் சொந்தக்காரர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்போது ஜான் ஸ்ட்ரெக்ஃபஸ் என்ற காப்டனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மூட்டை வராவிட்டால் என்ன? மனிதர்களை ஏற்றுவோம். அவர்களை எந்த ஊருக்கும் கொண்டுபோய் இறக்க வேண்டாம். ஆற்றில் சில மணி நேரம் சுற்றிக் காட்டி, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடுவோம்!

1901-ல் அதற்கென்றே 'ஜே. எஸ்.' என்ற படகு ஒன்றைக் கட்டினார். பிறகு 1911-ல் வேறொரு கம்பெனியின் படகுகளையும் வாங்கிச் சேர்த்தார். 'ஸிட்னி', 'ஸெயின்ட் பால்' என்ற பெயர்கள் ஆற்றங்கரை ஊர்களில் குழந்தைகளுக்கும் பாடமாயின.

படகு என்றதும் ஓடத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. மூன்று நாலு அடுக்கு மாளிகை ஒன்று தண்ணீரில் மிதந்து வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு உயரமான புகைபோக்கிகள். தண்ணீரை வாரி அடிக்கும் ராட்சதச் சக்கரம். கீழ்த் தளத்தில் கொதிகலன். அதற்கு மேல், மெழுகு போட்டு வழவழவென்று தேய்த்த பலகை பரப்பிய நாட்டியக் கூடம். அதற்கும் மேலே, காற்று வாங்க நாற்காலிகள் போட்ட திறந்த தளம்.

பகல் பிரயாணம் குடும்பங்களுக்கு. கூடையில் சாப்பாடு கட்டிக்கொண்டு அம்மாமார்கள் குழந்தைகளோடு வருவார்கள். பாட்டிமார் மேல் தளத்தில் உட்கார்ந்து கரையை வேடிக்கை பார்ப்பார்கள். ராத்திரிப் பிரயாணம் வாலிபர்களுக்கு. அதற்கு 'நிலாப் பிரயாணம்' என்று பெயர். மாதா கோவில் சங்கம், பள்ளிக்கூடம், தொழிலாளர் சங்கம் என்று ஒவ்வோர் அமைப்பும் கூட்டாகச் சேர்ந்து டிக்கட் விற்று, தங்கள் காரியத்துக்கு நிதி சேர்த்துக்கொள்வதும் உண்டு. ஆக, கூட்டமாகப் போகும் உல்லாசப் பிரயாணம், அதில் சங்கீதம் என்ற இரண்டும் சேர்ந்தது இங்கேதான்.

நீராவி வாத்தியம்

படகு வருகிறது என்பதை ஊருக்கு எப்படித் தெரிவிப்பது? அதற்கு ஒரு வாத்தியம் இருந்தது. 'காலியோப்' என்று பெயர். ஜோஷுவா ஸ்டாடர்ட் என்பவர் 1855-ல் உரிமைப் பத்திரம் வாங்கிய சாதனம் அது. ரயில் விசில்களைச் சிறிதும் பெரிதுமாக வரிசையாக நிறுத்தி, ஆர்மோனியக் கட்டைகளைப் போலக் கட்டைகள் வைத்து, கொதிகலனிலிருந்து நீராவியைத் திருப்பிவிட்டால் எப்படி இருக்கும்? சில மைல் தூரத்துக்குக் கேட்கும். சுருதி சுத்தம் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது!

கேட்கிறவர்களுக்கு வேடிக்கை, வாசிக்கிறவருக்குத் தண்டனை. இட்லிப் பானையின் மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் ஆவி நம் வீட்டுப் பெண்மணிகளுக்குத் தெரியும். அந்த ஆவிக்கு நடுவில் உட்கார்ந்து, சூடேறிய பித்தளைக் கட்டைகளை அழுத்த வேண்டும். அதனால் அந்த வித்வான் மழைச் சட்டை போட்டு, கைகளுக்கு உறை மாட்டி, காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் கச்சேரிக்கு உட்காருவார்.

அந்த வித்வானின் பெயர் ஃபேட் மாரபிள். 1890-ல் கென்டக்கி மாகாணத்தில் பாதுகா என்ற ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர். கறுப்பினத்தவர். அவருடைய தாயார் ஒரு பியானோ ஆசிரியை. தாயிடமே வித்தை கற்றுக்கொண்டு, 1907-ல் ஸ்ட்ரெக்ஃபஸ் படகில் வேலைக்கு ஏறினார். அப்போது வயது பதினேழு கூட நிறையவில்லை. காலியோப் வாசித்து முடித்ததும் மழைச் சட்டையைக் கழற்றிவிட்டு, கீழே இறங்கிப் போய் நாட்டியக் கூடத்தில் பியானோ முன் உட்காருவார். பிற்காலத்தில் அந்த வாத்தியக் கோஷ்டிக்குத் தலைவரும் அவரே.

மாரபிள் கண்டிப்பானவர். கேள்வி ஞானம் மட்டும் அவருக்குப் போதாது. தாளில் எழுதியிருப்பதைப் பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். நம் சங்கீதத்தில் ஸ்வரப்படுத்திய புஸ்தகத்தைப் பார்த்து, அதுவரை கேட்டிராத கிருதியை அப்படியே பாடச் சொல்வதற்குச் சமம். அவரிடம் ஒருவனுக்கு வேலை கிடைத்தால், நியூ ஆர்லியன்ஸ் வாத்தியக்காரர்கள் அவன் சங்கீதக் கலாசாலைக்குப் போகிறான் என்றுதான் சொல்வார்களாம்.

ஆலிவ் புட்டியும் குருநாதரும்

1919-ல் அந்தக் கலாசாலைக்கு ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். நியூ ஆர்லியன்ஸின் மிக ஏழ்மையான பேட்டையில் பிறந்தவன். தகப்பனார் கைவிட்டுப் போய்விட்டார்; தாயார் வீட்டு வேலை செய்து காப்பாற்றினாள். பையன் கரி வண்டி ஓட்டினான். புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்டான். அங்கேதான் ஊதுகுழலை ஒழுங்காக ஊதக் கற்றுக்கொண்டான். பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங். ஆம், பின்னால் உலகமெல்லாம் புகழ் பெற்றாரே, அதே ஆம்ஸ்ட்ராங்தான்.

படகு ஏறுவதற்காக மற்ற வாத்தியக்காரர்களோடு ரயிலில் புறப்பட்டான். ரயிலின் சாப்பாட்டு வண்டியில் கறுப்பின மக்கள் போய் உட்கார முடியாத காலம் அது. ஆகவே பெரிய மீன் சாண்ட்விச் ஒன்றும், ஆலிவ் காய் ஊறுகாய்ப் புட்டி ஒன்றும் பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டான். வழியில் வண்டி மாறும்போது, நடு ஸ்டேஷனில், பை கிழிந்தது. புட்டி உடைந்தது. ஆலிவ் காய்கள் நாலா பக்கமும் உருண்டன! கூட வந்த டேவிட் ஜோன்ஸ் என்ற வாத்தியக்காரர், 'இந்தப் பிள்ளையாண்டானை எனக்குத் தெரியவே தெரியாது' என்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நகர்ந்துவிட்டாராம். ஆம்ஸ்ட்ராங் தம் சுய சரித்திரத்தில் சிரித்துக்கொண்டே இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஸெயின்ட் லூயி நகரத்தின் உயரமான கட்டடங்களைப் பார்த்தபோது, இவையெல்லாம் காலேஜ்களா என்று மாரபிளைக் கேட்டதும், அதற்கு நல்ல வசவு வாங்கிக்கொண்டதும் அதே புஸ்தகத்தில் இருக்கின்றன.

ஆனால் கதையின் அழகு இனிமேல்தான் இருக்கிறது. பையனுக்கு வித்தை இருந்தது. தாளைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் போதவில்லை. மாரபிளின் கோஷ்டியில் அது இல்லாமல் காலம் தள்ள முடியாது. யார் சொல்லிக் கொடுப்பது? ஸ்டேஷனில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே டேவிட் ஜோன்ஸ்தான் சொல்லிக் கொடுத்தார்! கச்சேரி இல்லாத வேளைகளில் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, அட்சரம் அட்சரமாகப் போதித்தார். மூன்று பருவங்கள் படகில் இருந்து இறங்கியபோது, ஆம்ஸ்ட்ராங் எந்தக் கோஷ்டியிலும் தலை நிமிர்ந்து உட்காரக்கூடிய வித்வான் ஆகிவிட்டார்.

யாருக்காக இந்தக் கூடம்?

இத்தனை நேரம் படகின் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் நிழலையும் பார்க்க வேண்டும்.

மேடையில் இருந்தவர்கள் கறுப்பின மக்கள். கீழே ஆடியவர்கள் வெள்ளையர்கள். இரண்டுக்கும் நடுவில் சில அடி தூரம்தான். ஆனால் மேடையிலிருந்து இறங்கி, ஆடுகிறவர்களின் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார மேடைக்காரர்களுக்கு உரிமை இல்லை. மேடைக்காரரின் மனைவியோ தங்கையோ டிக்கட் வாங்கிக்கொண்டு அந்தப் பிரயாணத்தில் ஏற முடியாது. காசு இருந்தாலும் இடமில்லை. வாசிக்கக் கூப்பிட்டவரைத் திண்ணையோடு நிறுத்திய வீடுகள் நம் ஊரிலும் இருந்தன. ஆகையால் நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

மேல் நதியின் சின்ன ஊர்கள் சிலவற்றில், கறுப்பினத்தவர் கோஷ்டி ஒன்று மேடையேறி ஜனங்கள் அதற்கு முன் பார்த்ததே இல்லை. முதல் தடவை ஆட மறந்து வெறித்துப் பார்த்தபடி நின்றார்களாம். சில ஊர்களில் முகம் சுளிக்கும் அநுபவங்களும் நேர்ந்தன. அதே ஊர்களில், ராத்திரி முடிவதற்குள் ஜனங்கள் இவர்களை விரும்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்றும் ஆம்ஸ்ட்ராங் எழுதியிருக்கிறார். சங்கீதம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ஆனால் டிக்கட் கொடுக்கிற ஜன்னலுக்குக் காது கிடையாதே!

ஸெயின்ட் லூயியில் இதற்கு ஒரு விலக்கு இருந்தது. வாரத்தில் ஒரு நாள். திங்கட்கிழமை ராத்திரி.

அந்த ஒரு ராத்திரி படகு கறுப்பின மக்களுக்கு. அன்றைக்கு அவர்கள் நல்ல உடை உடுத்திக்கொண்டு, குடும்பம் குடும்பமாக, சங்கம் சங்கமாக ஆற்றங்கரைக்கு வந்தார்கள். அதே கூடம், அதே மெழுகுப் பலகை, அதே நிலா. மேடையில் அதே கோஷ்டி. ஆனால் அன்று மேடையிலிருந்து பார்த்தால் கீழே தெரிந்தது தம் சொந்த ஜனங்களின் முகங்கள். பாஸ் வாத்தியம் வாசித்த பாப்ஸ் ஃபாஸ்டர் போன்றவர்கள் பின்னாளில் அந்தத் திங்கட்கிழமைகளைத் தனியாக நினைவு வைத்துச் சொன்னார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

அந்தத் திங்கட்கிழமையைச் சலுகை என்று சொல்வதா, அவமானம் என்று சொல்வதா? ஏழு நாளில் ஒரு நாளைக் கொடுத்தது சலுகை. ஆறு நாளை மறுத்தது அவமானம். அன்று ஆடப் போன பெண்மணிகளுக்கு இரண்டும் தெரிந்தே இருந்திருக்கும். தெரிந்தும் அவர்கள் போனார்கள், ஆடினார்கள். சந்தோஷத்தையும் மானத்தையும் அந்த ஒரு ராத்திரிக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

படகுக்காரர்கள் சங்கீதம் தெரிந்தவர்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஸ்ட்ரெக்ஃபஸ் குமாரர்களில் ஒருவரான ஜோ, கடியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டியத்துக்குத் தாளம் சரியான வேகத்தில் போகிறதா என்று பார்ப்பாராம். கடியாரத்துக்கு வாசிப்பது எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. 1921-ல் ஆம்ஸ்ட்ராங்கும், டிரம் வாசித்த பேபி டாட்ஸும் படகை விட்டு இறங்கிவிட்டார்கள். எப்படி வாசிப்பது என்பதில் முதலாளிகளோடு ஏற்பட்ட தகராறுதான் காரணம் என்று டாட்ஸ் பிற்பாடு சொன்னார்.

அடுத்த வருஷம் சிக்காகோவிலிருந்து ஆம்ஸ்ட்ராங்குக்கு அழைப்பு வந்தது. ரயிலேறும்போது, குளிருக்குக் கம்பளி உள்சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லி, வழிச் சாப்பாட்டுக்கு மீன் சாண்ட்விச்சும் கட்டிக் கொடுத்தாள் தாயார். மறுபடியும் மீன்தான்! ஆனால் இம்முறை கிழியாமல் போய்ச் சேர்ந்தது.

கரையிலிருந்து கேட்டவர்கள்

படகில் ஏற இடமில்லாதவர்களுக்கும் ஒரு பாக்கியம் இருந்தது. கரையில் நின்று கேட்கலாம். அதற்கு யாரும் டிக்கட் கேட்க முடியாது.

அயோவா மாகாணத்தில் டாவன்போர்ட் என்ற ஊர். அங்கே ஜெர்மானிய வம்சத்தைச் சேர்ந்த வசதியான வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பிள்ளை பிக்ஸ் பைடர்பெக். பள்ளிப் பாடத்தில் மனம் செல்லாமல், கார்னெட் என்ற ஊதுகுழலைத் தானாகவே பழகிக்கொண்டிருந்தான். படகு தங்கள் ஊர்க் கரையில் தங்கியபோது இந்தப் பிள்ளையைச் சந்தித்ததாக ஆம்ஸ்ட்ராங் நினைவுகூர்ந்தார். பைடர்பெக் 28 வயதில், 1931-ல் இறந்துபோனார். ஆனால் அதற்குள் ஜாஸ் சங்கீதத்தில் ஆம்ஸ்ட்ராங்குக்கு அடுத்தபடியாகப் பெயர் சொல்லப்படும் கார்னெட் வித்வானாகிவிட்டார். கூடத்துக்குள் கோடு போட்டவர்களால் ஆற்றுக் காற்றில் கோடு போட முடியவில்லை!

நம் ஃபேட் மாரபிள் என்ன ஆனார்? வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளைப் பழக்கி அனுப்பிக்கொண்டே இருந்தார். பிற்காலத்தில் டியூக் எலிங்டன் கோஷ்டியில் புகழ் பெற்ற ஜிம்மி பிளான்டன் அவர் கைப்பட்ட பிள்ளை. ஊதுகுழல் மேதை கிளார்க் டெர்ரியும் அப்படியே. மாரபிள் 1947-ல் காலமானார். அவர் கோஷ்டியின் பெயரால் வெளிவந்த இசைத்தட்டு ஒன்றே ஒன்று, 1924-ல் பதிவானது. மாணவர்களின் தட்டுகளோ லட்சக்கணக்கில் விற்றன. நல்ல ஆசிரியர்களின் ஜாதகம் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

ஹவானாவுக்கு ஒரு கப்பல்

வருஷங்கள் ஓடின. பொது இடங்களில் நிறத்தைக் காட்டி மனிதரை விலக்குவது குற்றம் என்று 1964-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. ஆனால் மனிதர்கள் ஒரு சுவரை இடித்தால் இன்னொன்றைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவுக்கும் பக்கத்துத் தீவான கியூபாவுக்கும் இடையில் 1960-களின் துவக்கத்திலேயே போக்குவரத்து நின்றுபோய்விட்டது.

1977-ல் பிரயாணத் தடை கொஞ்சம் தளர்ந்தது. அவ்வருஷம் மே மாதம் 'டாஃப்னி' என்ற கிரேக்கக் கப்பல் ஒன்று கியூபாவின் தலைநகரான ஹவானாவுக்குப் புறப்பட்டது. எந்தத் துறைமுகத்திலிருந்து தெரியுமா? அதே நியூ ஆர்லியன்ஸிலிருந்து! கப்பல் நிறைய ஜாஸ் ரசிகர்கள். அவர்களோடு டிஸ்ஸி கில்லஸ்பி, ஸ்டான் கெட்ஸ், ஏர்ல் ஹைன்ஸ் முதலான வித்வான்கள். இந்த ஹைன்ஸ், 1928-ல் ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து தட்டுக் கொடுத்த பியானோ மேதை.

கில்லஸ்பிக்கு இது முப்பது வருஷத்து ஆசை. கியூபாவின் தாளங்களை ஜாஸில் சேர்த்துப் பெயர் வாங்கியவர் அவர். சானோ போஸோ என்ற கியூபாக்காரர் 1947-ல் அவர் கோஷ்டியில் தோல் வாத்தியம் வாசித்திருக்கிறார். ஆனால் அந்தத் தீவை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

ஹவானாவில் இறங்கியதும், ஆர்ட்டூரோ ஸாண்டவால் என்ற இளைஞர் தம் சின்னக் காரில் அவரை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினார். இளைஞருக்கு இங்கிலீஷ் சரியாக வராது. கில்லஸ்பி அவரை டிரைவர் என்றே நினைத்துக்கொண்டார். அன்று ராத்திரி இரு நாட்டு வித்வான்களும் சேர்ந்து வாசிக்கக் கூடினார்கள். பார்த்தால், நம் டிரைவர் கையில் ட்ரம்பட்டோடு மேடையில் நிற்கிறார்! இவர் எதற்கு இங்கே என்று கில்லஸ்பி திகைத்தார். இளைஞர் வாசிக்க ஆரம்பித்ததும் திகைப்பு வேறு தினுசாக மாறிற்று. அன்று ஆரம்பித்த சிநேகம் கடைசி வரை நிலைத்தது. கில்லஸ்பியோடு சேர்ந்து ஐரோப்பாவில் கச்சேரி செய்துகொண்டிருந்த சமயத்தில்தான், 1990-ல், ஸாண்டவால் கியூபாவை விட்டு வந்து அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டார்.

1919-ன் படகில், வாசித்தவருக்கும் கேட்டவருக்கும் நடுவே கோடு இருந்தது. 1977-ன் கப்பல், இரண்டு நாடுகளுக்கு நடுவே இருந்த கோட்டைச் சில நாட்களுக்காவது அழித்துக் காட்டியது. பிற்பாடு 1983-ல் 'நார்வே' என்ற மாபெரும் கப்பலில் மிதக்கும் ஜாஸ் விழா தொடங்கிற்று. இன்றைய சங்கீதக் கப்பல்களெல்லாம் அந்த வரிசையில் வந்தவைதாம்.

நீங்கள் போகும்போது

பழைய நதிப் படகைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இன்றும் ஒரு வழி உண்டு. நியூ ஆர்லியன்ஸில் 'நாட்சஸ்' என்ற நீராவிப் படகு ஓடுகிறது. 1975-ல் தண்ணீரில் இறங்கியது. பெரிய சக்கரம் பின்னால் சுழல்கிறது. புறப்படுவதற்கு முன்னால் காலியோப் வாசிக்கிறார்கள். உள்ளே ஜாஸ் கோஷ்டி வாசிக்க, சாப்பாட்டோடு ஆற்றில் சுற்றி வரலாம். வாரத்தில் எந்த நாளும் யாரும் ஏறலாம்.

கடற்கப்பலில் கூட்டமாகப் போக நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. அறை எடுக்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் எடுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. ஆனால் நாட்டியக் கூடத்துக்கு நேர் மேலேயோ கீழேயோ வேண்டாம். நள்ளிரவு வரை தாளம் தலைமாட்டில் விழுந்துகொண்டிருக்கும்! மேல் தளத்துக் காற்றுக்கு ஒரு சால்வை அவசியம். பத்துப் பேர் போனால், நாள் முழுவதும் பத்துப் பேரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்று கூடினால் போதும். அப்போதுதான் சொல்லிக்கொள்ள ஆளுக்கு ஒரு கதை இருக்கும்.

இன்னும் ஒன்று. எந்தக் கப்பலிலும், சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒருவர் பியானோவோ வயலினோ வாசித்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் யாரும் அவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தட்டும் கரண்டியும் அவருக்குப் பக்க வாத்தியம். அவரும் ஏதோ ஓர் ஊரில் தாயையோ மனைவியையோ குழந்தைகளையோ விட்டுவிட்டு மாதக் கணக்கில் தண்ணீரில் இருப்பவர்தான். சாப்பிட்டு முடிந்ததும் அவரருகே ஒரு நிமிஷம் நில்லுங்கள். வாசித்தது நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள். பெயரைக் கேளுங்கள்.

ஒரு நாற்காலி காலியாக இருந்தால் உட்காரச் சொல்லுங்கள். அன்று திங்கட்கிழமையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.